குறைந்த செலவில் ஃபிளாட்வுண்ட்: பாஸ் கிட்டாருக்கு முதல் செட் வாங்குகிறவர்களுக்கு

உங்கள் பாஸ் கிட்டாரில் இப்போது மாட்டியிருக்கும் தடித்த கம்பியின் மேல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். அரத்தில் உரசியது போல ஒரு சத்தம் வந்தால் அது ரவுண்ட்வுண்ட். நடுவில் ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. அதன் மேல் உருண்டையான மெல்லிய கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். நகம் அந்தப் பள்ளங்களில் விழுந்து விழுந்து எழுவதால்தான் அந்தச் சத்தம். ஃபிளாட்வுண்டில் உருண்டைக் கம்பிக்குப் பதிலாகப் பட்டையான உலோக நாடாவைச் சுற்றுகிறார்கள். அதில் நகம் வழுக்கிக்கொண்டு போகும்.

மற்ற எல்லா வித்தியாசங்களும் இதிலிருந்து வருபவைதான். கை நகரும்போது கீச்சொலி எழாது. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கீற்றுகளான ஃப்ரெட்டுகள் தேய்வது குறையும். ஃப்ரெட் இல்லாத பாஸ் என்றால் மரப்பலகையில் கோடு விழாது. பட்டை நாடா கம்பியின் உச்ச ஒலிகளைச் சீக்கிரம் அடக்கிவிடும், அதனால் மினுமினுப்பு குறைந்து உருண்டு திரண்ட ஒரு ‘தும்’ கேட்கும். வியர்வையும் அழுக்கும் போய் உட்காரப் பள்ளம் இல்லாததால் கம்பி வருடக்கணக்கில் உழைக்கும்.

விலையைப் பார்க்கும்போது இந்தக் கடைசி விஷயத்தை மறக்கக் கூடாது. ஃபிளாட்வுண்ட் செட் பொதுவாக ரவுண்டைவிட விலை கூடுதல். இரண்டு மடங்கு வரைகூடப் போகும். ஆனால் தினமும் வாசிக்கிறவருக்கு ரவுண்ட் கம்பியின் பளபளப்பு சில வாரங்களிலோ மாதங்களிலோ மங்கிவிடும். நல்ல ஃபிளாட்வுண்டோ முதல் வருடத்தைவிட இரண்டாம் வருடத்தில் இன்னும் நன்றாக ஒலிக்கும். மலிவான செட்டைத் தேடி அலைவதைவிட, மாற்ற வேண்டிய அவசியமே வராத செட்டை முதல் தடவையிலேயே எடுப்பதுதான் சிக்கனம். இந்தக் கட்டுரை முழுக்க அதற்காகத்தான்.

யார் யார் வாசித்தது

இது ஏதோ மூலையில் கிடக்கும் விசித்திரப் பொருள் என்று நினைக்க வேண்டாம். 1951-இல் ஃபெண்டர் பிரிசிஷன் பாஸ் வந்தபோது அதில் இருந்தவை ஃபிளாட்வுண்ட் கம்பிகள்தான். 1960-களின் நடுவில் ரோட்டோசவுண்ட் நிறுவனமும் தி ஹூ ராக் குழுவின் பாஸ் வாசிப்பாளர் ஜான் என்ட்விசிலும் சேர்ந்து ரவுண்ட்வுண்டை உருவாக்கிய பிறகே அந்தப் பளீர் ஒலி பரவியது. அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனப் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 52 முதல் 110 வரையிலான (இவை கம்பியின் தடிமன் எண்கள்; மூன்றாம் படியில் பார்ப்போம்) கனத்த லா பெல்லா நிறுவன ஃபிளாட்டுகளை மாட்டியிருந்தார். கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் செய்தி. ஸ்டூடியோ பதிவுகளில் வாசித்த கேரல் கே, விரலுக்குப் பதில் பிக் என்ற சிறு தகட்டால் வாசித்தார். கம்பிகளை அடக்க ஒரு கம்பளித் துண்டை வைத்துக்கொண்டார். மென்மையான இசைக்கு மட்டும்தான் இது என்று யாராவது சொன்னால் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸைச் சொல்லுங்கள். அவ்வளவு வேகத்திலும் சத்தத்திலும் அவர் கையில் இருப்பது ஃபிளாட்வுண்ட்தான்.

ஸ்லாப் வாசிப்பதே உங்கள் பிரதான வேலை என்றால் மட்டும் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்பேன். கட்டைவிரல் அடிக்குத் தேவையான அந்தத் தெறிப்பு ஃபிளாட்டில் கிடைக்காது.

முதல் படி: வாங்குவதற்கு முன் காசில்லாமல் சோதியுங்கள்

கிட்டாரின் டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் கழுத்துப் பக்கம் தனியாக இருந்தால் அதை மட்டும் வையுங்கள். பாத்திரம் தேய்க்கும் மெத்தென்ற ஸ்பாஞ்சில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, உடலில் கம்பிகளை மாட்டும் பகுதியான பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். கம்பியை லேசாகத் தொட்டால் போதும், மேலே தள்ளக் கூடாது. இப்போது உங்களுக்குத் தெரிந்த நாலைந்து பாட்டுகளின் பாஸ் வரியை வாசியுங்கள்.

வருவது அப்படியே ஃபிளாட்வுண்ட் ஒலி இல்லை. ஃபிளாட்டில் ஸ்வரம் இதைவிட நீளமாக நிற்கும். ஆனாலும் குடும்பம் ஒன்றுதான். ஒரு வாரம் இப்படி வாசித்து, ஸ்பாஞ்சை எடுக்க மனம் வரவில்லை என்றால் ஃபிளாட்வுண்ட் உங்களுக்கானது. இரண்டாம் நாளே அந்தப் பளிச்சென்ற ஒலிக்கு ஏங்கினால் உங்கள் பணம் தப்பித்தது.

இரண்டாம் படி: அளவெடுங்கள்

கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பள்ளமுள்ள துண்டுதான் நட். அந்த நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் ஸ்கேல் நீளம். பெரும்பாலான பாஸ்களில் 34 அங்குலம் வரும். இதை லாங் ஸ்கேல் என்பார்கள். 30 அங்குலத்தை ஒட்டி வந்தால் ஷார்ட் ஸ்கேல், 32 என்றால் மீடியம், 35-உம் அதற்கு மேலும் எக்ஸ்ட்ரா லாங்.

ரவுண்ட்வுண்டில் இந்த அளவைக் கொஞ்சம் அலட்சியம் செய்தாலும் சமாளித்துவிடலாம். ஃபிளாட்டில் முடியாது. கம்பியின் நுனிப்பகுதியில் நிறநூல் சுற்றியிருக்கும். அந்த இடத்தில் கம்பி மெலிந்திருக்கும். சுருதி சேர்க்கும் திருகான டியூனிங் கீயின் தண்டில் சுற்ற வேண்டியது அந்த மெலிந்த பகுதிதான். லாங் ஸ்கேல் செட்டை ஷார்ட் ஸ்கேல் கிட்டாரில் மாட்டினால் முழுத் தடிமனுள்ள பகுதி தண்டில் வந்து மடங்கும்; பட்டை நாடா வாயைப் பிளந்து கம்பி செத்துவிடும். மறுபக்கம், கம்பியை உடலின் பின்புறத்திலிருந்து கோர்க்கும் கிட்டார் என்றால் நீளம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். அதனால் ஸ்கேலின் பெயரை மட்டும் நம்பாமல், இப்போது மாட்டியிருக்கும் கம்பியில் பிரிட்ஜ் பக்கமுள்ள குண்டு முனையிலிருந்து நட் வரையுள்ள தூரத்தை நாடா வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நூல் சுற்று அந்தத் தூரத்தைத் தாண்டித் தொடங்க வேண்டும். கம்பி தயாரிப்பவர்கள் பலர் இந்த நீளத்தைத் தங்கள் விவரப் பட்டியலில் கொடுத்திருப்பார்கள்.

மூன்றாம் படி: இழுவிசை

புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உறையின் மேல் 45-65-85-105 என்று போட்டிருக்கும். அது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. 105 என்றால் 0.105 அங்குலம், ஏறக்குறைய 2.67 மில்லிமீட்டர். ரவுண்ட்வுண்டில் இந்த எண்ணைப் பார்த்தாலே கைக்கு எப்படி இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஃபிளாட்வுண்டில் எண் ஏமாற்றும். பட்டை நாடாவில் இடைவெளி இல்லை; அதே தடிமனில் கூடுதல் உலோகம் அடங்கிவிடும். கனம் கூடினால் அதே சுருதிக்கு இழுக்க அதிக விசை வேண்டும். அதனால் அதே எண்ணுள்ள ஃபிளாட் பெரும்பாலும் விறைப்பாக இருக்கும். ஆனால் எல்லா ஃபிளாட்டும் அப்படி இல்லை. வியன்னாவில் தயாராகும் தாமஸ்டிக்-இன்ஃபெல்ட் ஜாஸ் ஃபிளாட்ஸ் 43-56-70-100. எண்களில் மற்ற லைட் செட்டுகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, கையில் எடுத்தால் ரப்பர் போல இளகி இருக்கும். உள் கம்பியும் சுற்றும் செய்யப்பட்ட விதம்தான் காரணம்.

எனவே எண்ணை விட்டுவிட்டு இழுவிசையைப் பாருங்கள். முக்கியமான நிறுவனங்கள் ஒவ்வொரு கம்பிக்கும் எத்தனை பவுண்டு அல்லது கிலோ என்று வெளியிடுகின்றன. இப்போது நீங்கள் வாசிக்கும் செட்டின் பட்டியலை எடுங்கள், வாங்க நினைக்கும் ஃபிளாட்டின் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள், நான்கு கம்பிகளையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள்.

எண்ணைப் பார்த்து விரலுக்கு எப்படி இருக்கும் என்று தெரியாதல்லவா? அதற்கு ஒரு வழி உண்டு. இப்போதுள்ள கம்பிகளை அரை ஸ்வரம் மேலே ஏற்றுங்கள். அரை ஸ்வரம் ஏறினால் இழுவிசை சுமார் 12 சதவீதம் கூடும். பத்து நிமிடம் வாசியுங்கள். விரல் சீக்கிரம் களைத்தால் கனத்த செட் வேண்டாம். பிறகு பழைய சுருதிக்குக் கீழே அரை ஸ்வரம் இறக்குங்கள். இப்போது சுமார் 11 சதவீதம் குறைந்திருக்கும். இதில் கை சுகமாக இருக்கிறதா, இல்லை கம்பி தளர்ந்து ஃப்ரெட்டில் அடிக்கிறதா? இந்த இரண்டு சோதனையும் முடிந்தால் உங்களுக்கு எந்தப் பக்கம் தோது என்று உங்கள் விரலே சொல்லிவிடும்.

இன்னும் இரண்டு கணக்குகள் உதவும். ஒரே வகைக் கம்பியில் 100-லிருந்து 105-க்குப் போனால் இழுவிசை பத்து சதவீதம் அளவுக்கு ஏறும். ஐந்துதானே என்று நினைக்க வேண்டாம். ஷார்ட் ஸ்கேலில் ஒரே கனமுள்ள கம்பி ஒரே சுருதியில் லாங் ஸ்கேலைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் தளர்வாக இருக்கும். அதனால் ஷார்ட் ஸ்கேல் வைத்திருப்பவர்கள் நடுத்தரக் கனத்துக்குத் தயங்காமல் போகலாம்.

முதல் செட்டுக்கு என் பரிந்துரை: லாங் ஸ்கேலில் 45 முதல் 100 அல்லது 105 வரை, அதற்கு மேல் வேண்டாம். ஜேமர்சன் 110 வாசித்தார் என்பதற்காக நாமும் 110-இல் தொடங்கத் தேவையில்லை. நட்டின் பள்ளங்களும் அந்தத் தடிமனுக்கு வெட்டப்பட்டிருக்காது. ஏற்கெனவே 105 இருந்த இடத்தில் 105 போட்டால் நட்டில் கை வைக்கவே வேண்டாம். அதுவும் ஒரு சேமிப்பு.

நான்காம் படி: எதை எடுப்பது

உறையில் ‘ஃபிளாட்வுண்ட்’ என்று தெளிவாக இருக்க வேண்டும். ஹாஃப் ரவுண்ட், கிரவுண்ட்வுண்ட் என்றெல்லாம் போட்டிருந்தால் அவை உருண்டைக் கம்பியைச் சுற்றி மேல்பக்கத்தைத் தேய்த்து எடுத்தவை. டேப்வுண்ட் என்றால் உலோகச் சுற்றின் மேல் நைலான் நாடா. இரண்டும் நல்ல பொருள்கள்தான், ஆனால் வேறு பொருள்கள்.

விலையில் நடுவில் நிற்கும் செட்டுகளில் டி'அடாரியோ குரோம்ஸ், ஃபெண்டர் 9050, ஜிஎச்எஸ் பிரிசிஷன் ஃபிளாட்ஸ், ரோட்டோசவுண்ட் ஜாஸ் பாஸ் 77 ஆகிய நான்கும் எளிதில் கிடைக்கும். ரவுண்டிலிருந்து முதல்முறையாக வருகிறவர்களுக்கு நான் குரோம்ஸையே சொல்வேன். ஃபிளாட்டுகளில் இது வெளிச்சமான ஒலி. புதிதாக மாட்டும்போது ரவுண்டிலிருந்து ரொம்பத் தூரம் வந்துவிட்டது போலத் தோன்றாது, நாளடைவில் பதமாகும். ஷார்ட் ஸ்கேலிலும் வருகிறது. ரோட்டோசவுண்ட் 77 மோனல் என்ற நிக்கல்-தாமிரக் கலவையில் செய்தது. விறைப்பானது. அழுத்தி வாசிக்கிறவர்களுக்குப் பொருந்தும், மெல்லிய கைக்குச் சிரமம். ஃபெண்டரும் ஜிஎச்எஸ்ஸும் நடுவாந்திரம். எது கிடைக்கிறதோ, எதன் இழுவிசை உங்கள் கைக்கு ஒத்துவருகிறதோ அதை எடுங்கள்.

லா பெல்லாவும் தாமஸ்டிக்கும் விலையில் மேலே. தாமஸ்டிக்கின் அந்த இளக்கம்தான் உங்களுக்கு வேண்டும் என்று சோதனையில் தெரிந்துவிட்டால், மலிவான விறைப்புச் செட் ஒன்றை வாங்கி ஆறு மாதம் தவித்துவிட்டுப் பிறகு அதையே வாங்குவதைவிட, கொஞ்சம் காத்திருந்து நேராக வாங்குவது மேல். பெயர் தெரியாத மிக மலிவான செட்டுகளில் எனக்குள்ள ஒரே தயக்கம், நான்கு கம்பிகளும் ஒரே அளவாகப் பேசுமா என்பதுதான். ஒன்று முழங்கி இன்னொன்று முனகினால் அந்தச் செட்டோடு எத்தனை வருடம் வாழ முடியும்?

ஐந்து கம்பி பாஸ் வைத்திருப்பவர்கள் தாழ்ந்த பி கம்பியை மட்டும் தனியாக விசாரியுங்கள். ஃபிளாட்டில் அது குழம்பி ஒலிக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம்.

பழைய செட் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ரவுண்ட்வுண்டை யாராவது பயன்படுத்திக் கொடுத்தால் இலவசமாக வந்தாலும் யோசிப்பேன். ஃபிளாட்வுண்டில் ஒருவர் வாசித்துப் பதப்படுத்திய செட் அரைவிலைக்குக் கிடைத்தால் அது உண்மையான லாபம். பலர் ஒரு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் கழற்றிவிடுகிறார்கள். அந்தக் கம்பிகளுக்கு இனிமேல்தான் ஆயுளே தொடங்குகிறது.

மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எந்தக் கிட்டாரிலிருந்து கழற்றியது? நுனியை எவ்வளவு விட்டு வெட்டியிருக்கிறார்கள்? நாடா எங்காவது பிரிந்திருக்கிறதா? தண்டின் வரிசை வேறாக இருக்கும் கிட்டாரில் முன்பு மாட்டியிருந்தால் உங்களுடையதற்கு நீளம் எட்டாமல் போகலாம். குண்டு முனையிலிருந்து வெட்டிய நுனி வரை ஒவ்வொன்றையும் அளந்து சொல்லச் சொல்லுங்கள்.

மாட்டும்போது

என் முதல் ஃபிளாட் செட்டில் மிகத் தடித்த கம்பியான இ கம்பியை இந்தக் கட்டத்தில்தான் இழந்தேன். ரவுண்டுக்குச் செய்வது போலவே நீளத்தைக் கணக்கிட்டுக் கட்டரால் நேராக ஒரு வெட்டு. வெட்டிய நொடியில் நாடா நுனியில் பிரிந்து, உள் கம்பி நழுவ, கம்பி முழுவதும் பிடி தளர்ந்துவிட்டது. சுருதி ஏற்றினால் மரக்கட்டையைத் தட்டியது போன்ற ஒலி. செட்டில் மிகவும் விலை கூடிய கம்பி அது. அதற்காக மட்டும் தனிக் கம்பி வாங்க வேண்டியிருந்தது.

முறை இதுதான். கம்பியைப் பிரிட்ஜில் கோர்த்து நட் வழியாகத் தண்டு வரை நீட்டிப் பிடியுங்கள். தண்டைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் விடுங்கள். அந்த இடத்தில் முதலில் இடுக்கியால் செங்கோணமாக மடியுங்கள். பிறகு மடிப்புக்கு அப்பால் ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். மடிப்பு நாடாவை இறுகப் பிடித்துக்கொள்ளும், எதுவும் பிரியாது. மடிந்த நுனியைத் தண்டின் துளைக்குள் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள்.

நான்கு கம்பிகளையும் ஒன்றாகக் கழற்ற வேண்டாம். ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் புதியதை மாட்டி, சுருதிக்கு அருகே கொண்டுவந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். சுற்றும்போது கம்பி முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முறுக்கோடு மாட்டிய கம்பி சுருதியில் நிற்காது, மங்கலாகவும் ஒலிக்கும். கடைசியில் நட்டுக்கும், பிரிட்ஜில் கம்பி அமரும் சேடிலுக்கும் முன்னால் கம்பியை விரலால் லேசாக அழுத்திவிடுங்கள். விறைப்பான கம்பி அந்த இடங்களில் வளைவாக ஏறி இறங்கும். அழுத்தினால் தெளிவான ஒரு மூலை கிடைக்கும், சுருதியும் துல்லியமாகும்.

நெக்கைச் சரிபார்த்தல்

ஒரு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் சுருதி சேர்த்து, இ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழு, எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது? ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது 0.3 மில்லிமீட்டர் போல இருந்தால் நல்லது. அதைவிடப் பெரிதாக இருந்தால் இழுவிசை நெக்கை முன்னால் வளைத்திருக்கிறது. நெக்குக்குள் ஓடும் எஃகுக் கோலான ட்ரஸ் ராடைக் கடிகார முள் திசையில் கால் சுற்று மட்டும் திருப்பி, சில மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். இடைவெளியே இல்லாமல் கம்பி ஃப்ரெட்டில் படுத்திருந்தால் எதிர்த்திசையில் கால் சுற்று. திருகு இறுகி நகர மறுத்தால் பலம் போடாமல் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

அப்புறம் 12-ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் தொட்டு மட்டும் எழுப்பும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடுதலாகக் காட்டினால் சேடிலைப் பின்னால் நகர்த்துங்கள், குறைவாகக் காட்டினால் முன்னால். ஒரு கம்பி மட்டும் மற்றவற்றைவிடச் சத்தமாக இருந்தால் அந்தப் பக்கம் பிக்கப்பைக் கொஞ்சம் இறக்குங்கள்.

முதல் மாதம்

மாட்டிய அன்றைக்கே தீர்ப்புச் சொல்லாதீர்கள். புது ஃபிளாட்டில் உலோகச் சலசலப்பு கொஞ்சம் இருக்கும், தொட்டால் ஒட்டுவது போலவும் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரம் தினமும் வாசித்தால் அது அடங்கிவிடும். குழுவோடு வாசிக்கும்போது ஒலி மறைந்துபோவது போலத் தோன்றினால் ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிளை ஏற்றிப் பயனில்லை. அங்கே ஃபிளாட்டில் அதிகம் இல்லை. மிட் குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள், பாஸ் குமிழைக் கொஞ்சம் குறையுங்கள். ஸ்வரத்தின் முகம் தெரியும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழுமாக ஒருமுறை துடையுங்கள். ரவுண்ட் கம்பிகளுக்கு உயிர் கொடுக்கச் சிலர் கொதிநீரில் போடுவார்கள்; ஃபிளாட்டுக்கு அது வேண்டாம்.

கழற்றிய பழைய ரவுண்ட் செட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொன்றையும் தனியாகச் சுருட்டி, எந்தக் கம்பி என்று சீட்டு ஒட்டி, புது செட் வந்த உறையிலேயே போட்டு வையுங்கள். மாட்டிய தேதியை அந்த உறையின் மேல் எழுதிவிடுங்கள்.